ரெண்டு பேரும் ஒரே கரு, ஒரே ஜீன்... அப்புறம் நான் மட்டும் ஏன் சிகரெட்ட விட முடியாம தவிக்கிறேன்?

ரெண்டாவதுபிறந்தவன்:

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா ஓரமா நின்னு படிச்சுட்டு மட்டும் போற ஆளு நான், இப்பதான் முதல் தடவ த்ரெட் போடுறேன், நீளமா போச்சுன்னா திட்டாதீங்க.

நானும் எங்கண்ணனும் இரட்டைப் பிள்ளைங்க. அண்ணன்னு சொல்றதே சும்மா ஒரு பேச்சுக்கு, நாலு நிமிஷம் முந்திகிட்டான் அவ்வளவுதான். ஒரே கரு ரெண்டாப் பிரிஞ்ச வகை. அச்சு அசல் ஒரே மூஞ்சி, போன்ல பேசினா பெத்த அம்மாவுக்கே யாருன்னு தெரியாது, கண்ணாடி பவர் கூட ஒண்ணுதான், ரெண்டு பேருக்கும் ஒரே வருஷத்துல முன்னந்தலை ஏற ஆரம்பிச்சுது. இப்ப வயசு 41. விஷயம் என்னன்னா நான் 19 வயசுலேருந்து தம் அடிக்கிறேன், ஒரு நாளைக்கு 15, 16 ஓடுது, அவன் இன்னிக்கு வரைக்கும் கையால தொட்டதில்ல. நாலு தடவ விட்டுப் பாத்துட்டேன், அதிகபட்சமா தாக்குப்பிடிச்சது 11 நாள். பன்னெண்டாவது நாள் காலைல என்ன ஆச்சுன்னு கேக்காதீங்க.

போன வாரம் ஒரு கட்டுரை படிச்சேன். பின்லாந்துல ஹெல்சிங்கி யுனிவர்சிட்டில யாக்கோ காப்ரியோன்னு ஒரு டாக்டர், 1970கள்லேருந்து ஆயிரக்கணக்கான இரட்டையர்கள ஃபாலோ பண்ணி சிகரெட் பழக்கம், நிகோடின் அடிமைத்தனம், குடி, இதுக்கெல்லாம் ஜீன் எவ்வளவு காரணம்னு ஆராய்ச்சி பண்ணிட்டே வந்திருக்காரு. அடிமையாகறதுல கிட்டத்தட்ட பாதி மரபணுதான்னு போட்டிருந்துச்சு. படிச்ச உடனே உண்மைய சொல்லணும்னா ஒரு நிம்மதி, சரி நம்ம தப்பு பாதிதான்னு. அடுத்த நிமிஷமே அண்ணன் மூஞ்சி கண்ணு முன்னாடி வந்து நிக்குது. அவன்கிட்டயும் அதே ஜீன்தான இருக்கு, ஒரு எழுத்து மாறாம? அப்ப அவன் ஏன் தப்பிச்சான்? இல்ல அந்த ஆராய்ச்சியே சும்மாவா? தெரிஞ்சவங்க யாராவது சொல்லுங்க. இப்ப வீட்டுலயே எச்சில் எடுத்து அனுப்புற ஜீன் டெஸ்ட்லாம் வருதே, அத எடுத்தா விடுறதுக்கு ஏதாவது உபயோகம் ஆகுமான்னும் கேக்கணும்.


சராசரிமனிதன்:

வாங்க வாங்க. நீங்களும் உங்கண்ணனும் அந்த ஆராய்ச்சிக்காரங்க கண்ணுல பட்டா சும்மா விடமாட்டாங்க சார், ஒரே ஜீன் வெச்சிருந்து ஒருத்தர் புகைச்சு ஒருத்தர் புகைக்காத ஜோடி அவங்களுக்குத் தங்கம். ஏன்னு அப்புறம் வர்றேன்.

நான் புள்ளியியல் வேல பாக்கறவன், டாக்டர் இல்ல. முதல்ல அந்த 'பாதி'ங்கற வார்த்தைய சரி பண்ணிக்குவோம், ஏன்னா எல்லாரும் இங்கதான் வழுக்கி விழறாங்க. 50 சதவீதம் மரபுன்னா உங்க அடிமைத்தனத்துல பாதி ஜீன்லேருந்து வந்துச்சு, மீதிப் பாதி உங்க கொழுப்பு, அப்படி இல்ல. ஒரு ஊர் ஜனத்த எடுத்துகிட்டா ஒருத்தருக்கும் இன்னொருத்தருக்கும் இருக்கற வித்தியாசம் இருக்கு பாருங்க, அந்த வித்தியாசத்துல எவ்வளவு பங்கு ஜீன் வித்தியாசத்தால வருதுங்கறது மட்டும்தான் அந்த நம்பர். தனி ஆளுக்கு அதப் பிரிச்சுக் குடுக்கவே முடியாது. ஒரு செவ்வகத்தோட பரப்புல நீளம் எவ்வளவு காரணம் அகலம் எவ்வளவு காரணம்னு கேக்கற மாதிரி ஆயிடும்.

எப்படிக் கண்டுபிடிக்கறாங்கன்னா, ஒரே கரு இரட்டையருக்கு டிஎன்ஏ முழுசும் பொது, ரெண்டு கரு இரட்டையருக்கு சாதாரண அண்ணன் தம்பி மாதிரி சராசரியா பாதி பொது. ரெண்டு வகையுமே ஒரே வயித்துல ஒரே நேரத்துல இருந்து ஒரே வீட்டுல வளந்தவங்க. அப்ப ஒரே கரு ஜோடிங்க ஒருத்தர ஒருத்தர் ரொம்ப ஒத்துப்போய், ரெண்டு கரு ஜோடிங்க கம்மியா ஒத்துப்போனா, அந்த இடைவெளி ஜீனோட வேலை. சும்மா கணக்குக்கு, முழுசா ஒத்துப்போனா 1ன்னா, ஒரே கருவுல ஒற்றுமை 0.7, ரெண்டு கருவுல 0.4ன்னு வெச்சுக்கங்க, வித்தியாசம் 0.3, ரெண்டு வகைக்கும் நடுவுல பொது ஜீன் வித்தியாசம் பாதிதான்ங்கறதால அத ரெண்டால பெருக்குனா 0.6, அதாவது 60 சதவீதம். நெசத்துல இத விட சிக்கலான மாடல் போடுவாங்க ஆனா அடிப்படை இவ்வளவுதான்.

இதுக்கு ஆயிரக்கணக்குல ஜோடி வேணுமே, எங்க போறது? பின்லாந்துல ஜனத்தொகைப் பதிவேடு ரொம்ப ஒழுங்கு. அதுல ஒரே தேதில, ஒரே ஊர்ல, பொறக்கும்போது ஒரே குடும்பப் பேரோட இருந்தவங்கள தேடி எடுத்து, 1958க்கு முன்னாடி பொறந்த ஒரே பால் ஜோடிகளுக்கு 1975ல கேள்வித்தாள் அனுப்பினாங்க. அப்புறம் 1981, 1990, 2011னு அதே ஆளுங்ககிட்ட மறுபடி மறுபடி. அப்ப ஏது டிஎன்ஏ டெஸ்ட், ஒரே கருவா இல்லையான்னு எப்படி முடிவு பண்ணாங்க தெரியுமா? சின்ன வயசுல நீங்க ரெண்டு பேரும் அச்சா ஒரே மாதிரி இருந்தீங்களா, டீச்சருங்களும் கூடப் படிச்சவங்களும் உங்கள மாத்தி மாத்திக் கூப்பிட்டாங்களான்னு கேட்டாங்க. ரத்த மாதிரி எடுத்து சரிபாத்தப்போ அந்த பதில் பெரும்பாலும் சரியாவே இருந்துச்சு. உங்கம்மா போன்ல குழம்பறாங்கன்னு சொன்னீங்களே, அதுவே பாதி டெஸ்ட்.

சரி உங்க கேள்வி. 'சிகரெட் பழக்கம்'ங்கறது ஒரு விஷயம் இல்ல, ஒண்ணுக்கு உள்ள ஒண்ணா ரெண்டு கதவு. முதல் கதவு ஆரம்பிக்கறது. ரெண்டாவது, ஆரம்பிச்சப்புறம் விடமுடியாம மாட்டிக்கறது. இரட்டையர் ஆராய்ச்சி பலதையும் ஒண்ணா சேத்துப் பாத்து 2003ல ஒரு பேப்பர் வந்துச்சு, அதுல ஆரம்பிக்கறதுக்கு மரபுப் பங்கு ஆம்பளைங்கள்ல சுமார் 37, பொம்பளைங்கள்ல 55 சதவீதம், தொடர்ந்து புகைக்கறதுக்கு ஆம்பளைங்கள்ல 59, பொம்பளைங்கள்ல 46. பாருங்க, ரெண்டும் வேற வேற கணக்கு. உங்கண்ணன் முதல் கதவையே திறக்கல. அதனால ரெண்டாவது கதவு அவருக்கு எப்படி இருந்திருக்கும்னு யாருக்கும் தெரியாது. நிகோடினே உள்ள போகாத உடம்புல நிகோடின் அடிமை ஆகற ஜீன் இருந்தா என்ன இல்லாட்டி என்ன, அது தூங்கிட்டு இருக்கும். அவர் தப்பிச்சாருங்கறத விட அவருக்குப் பரீட்சையே நடக்கலன்னு சொல்றதுதான் சரி.


வாதாடி:

சராசரி அண்ணாச்சி நல்லாத்தான் விளக்குறாரு ஆனா நான் கொஞ்சம் கட்டைய போடுறேன். இந்த ட்வின் ஸ்டடி மொத்தமும் ஒரு அனுமானத்துல தொங்குது. ஒரே கரு ஜோடிக்கும் ரெண்டு கரு ஜோடிக்கும் வளர்ப்பு சூழல் ஒரே அளவு பொதுன்னு. யாரு சொன்னா? ஒரே மூஞ்சியா இருக்கற ரெண்டு பேருக்கு ஒரே சட்டை, ஒரே பெஞ்சு, ஒரே நண்பர் கூட்டம். ஒருத்தன் தம் அடிக்கிற கூட்டத்துல சேந்தா இன்னொருத்தனும் அங்கதான நிப்பான். அத எல்லாம் ஜீன் கணக்குல எழுதிட்டா சதவீதம் எகிறத்தான செய்யும்.

இன்னொண்ணு, இந்த மாதிரி ஆராய்ச்சிய யாரெல்லாம் கையில எடுத்தாங்கன்னு பாருங்க. ரொனால்ட் ஃபிஷர், புள்ளியியலோட பிதாமகன், 1958ல நேச்சர்ங்கற அறிவியல் இதழ்ல இரட்டையர் கணக்க காட்டி, புகைக்கறதே ஜீனால வருது, அதே ஜீன் புற்றுநோயையும் குடுக்கலாம், அதனால சிகரெட் மேல பழி போடாதீங்கன்னு எழுதினாரு. அவ்ளோ பெரிய ஆளே இப்படி. அந்தக் காலத்துல சிகரெட் கம்பெனிகளுக்கு இத விட நல்ல சாக்கு கிடைச்சிருக்குமா?


சராசரிமனிதன்:

வாதாடி வந்துட்டீங்களா, நீங்க இல்லாம த்ரெட் களை கட்டலயேன்னு பாத்தேன்.

ஃபிஷர் விஷயம் உண்மைதான், எங்க தொழில்ல அது ஒரு தீராத தலைகுனிவு. அவர் பைப் பிடிக்கிற ஆளு, புகையிலை உற்பத்தியாளர் கமிட்டிக்கு ஆலோசகரா வேற இருந்தாரு. கையில இருந்த ஜெர்மன் டேட்டா 51 ஒரே கரு ஜோடி, 31 ரெண்டு கரு ஜோடி, அவ்வளவுதான். அத அவருக்குக் குடுத்தது ஃபெர்ஷுயர், நாஜி காலத்துல, முகாம் கைதிங்க மேல கொடூரப் பரிசோதனை பண்ண மெங்கலேங்கற டாக்டரோட குருவா இருந்த மனுஷன். இத மொதல்ல படிச்சப்போ எனக்கு வயித்தக் கலக்கிடுச்சு. ஆனா ஃபிஷர் பாத்த ஒரு விஷயம் தப்பில்ல, புகைக்கற பழக்கத்துல ஒரே கரு ஜோடிங்க அதிகம் ஒத்துப்போனாங்க. அங்கேருந்து புற்றுநோய்க்குத் தாவினதுதான் குப்புற விழுந்த இடம்.

இப்ப நான் மேல பாக்கி வெச்ச 'தங்கம்' கதைக்கு வர்றேன். ஃபிஷர் சொன்னது சரின்னா என்ன ஆகணும்? ஜீன்தான் புற்றுநோய் குடுக்குதுன்னா, ஒரே கரு ஜோடில ஒருத்தன் புகைச்சு ஒருத்தன் புகைக்காம இருந்தாலும் ரெண்டு பேருக்கும் அதே அளவு நோய் வரணும். காப்ரியோவும் அவர் கூட இருந்த கோஸ்கென்வுவோவும் அத நேரா சோதிச்சாங்க, அந்த மாதிரி ஜோடிகள மட்டும் பிரிச்செடுத்து 12 வருஷம் பாத்து 1989ல எழுதினாங்க, புகைச்ச ட்வின்தான் பெரும்பாலும் முதல்ல செத்திருக்காங்க. 2017ல நார்டிக் நாடுகளோட (பின்லாந்து, ஸ்வீடன் மாதிரி வட ஐரோப்பிய நாடுங்க) பதிவேடுகள சேத்து ஒரு லட்சத்துக்கு மேல இரட்டையர்கள வெச்சுப் பாத்தப்போ, ஒரே கரு ஜோடிக்குள்ளயே புகைச்சவருக்கு நுரையீரல் புற்றுநோய் ஆபத்து கிட்டத்தட்ட 5 மடங்கு. அதே ஜீன், அதே அம்மா, அதே வீடு. ஃபிஷர் கிளப்பின சந்தேகத்துக்கு ஃபிஷர் பயன்படுத்தின அதே ஆயுதத்தாலயே பதில். அவர் 1962லயே போய்ச்சேந்துட்டாரு, பாக்க குடுத்து வைக்கல.

சூழல் அனுமானம் பத்தி நீங்க கேட்டது நியாயமான கேள்வி, நான் மழுப்ப மாட்டேன். ஒரே கரு ஜோடிங்க நண்பர்கள அதிகமா பகிர்ந்துக்கறாங்கங்கறது நிஜம், அதனால நம்பர் கொஞ்சம் ஊதியிருக்க வாய்ப்பிருக்கு. தனித்தனியா வளந்த இரட்டையர்கள வெச்சும் பாத்திருக்காங்க. ஸ்வீடன்ல சேந்து வளந்தவங்க, பிரிஞ்சு வளந்தவங்க ரெண்டு வகையும் எடுத்து கெண்ட்லர்னு ஒரு ஆராய்ச்சியாளரோட குழு 2000ல ஒரு பேப்பர் போட்டாங்க, எனக்கு இந்த சப்ஜெக்ட்லயே ரொம்பப் பிடிச்சது அதுதான். ஆம்பளைங்களுக்கு மரபுப் பங்கு 61 சதவீதம், சரி. பொம்பளைங்க கதை வேற. 1925க்கு முன்னாடி பொறந்த பொம்பளைங்கள்ல மரபுப் பங்கு ஒண்ணுமே தெரியல, 1940க்குப் பின்னாடி பொறந்தவங்கள்ல 63 சதவீதம். நடுவுல ஜீன் மாறிடுச்சா என்ன? அந்தக் காலத்துல பொம்பளை புகையிலைய தொட்டா ஊரே பேசும், அதனால எந்த ஜீன் இருந்தாலும் தொடல. தடை விலகினப்புறம்தான் யாருக்கு ஒட்டிக்குது யாருக்கு ஒட்டலங்கற வித்தியாசமே வெளிய வந்துச்சு. மரபுப் பங்குங்கறது கல்லுல செதுக்கின எண் இல்ல, ஊரு மாறினா காலம் மாறினா அதுவும் மாறும். வாதாடிக்கு இது சாதகமா எனக்கு சாதகமான்னு நீங்களே முடிவு பண்ணிக்கங்க :)


கயல்விழி_கவுன்சலர்:

நான் சிகரெட் விடறவங்களுக்கு கவுன்சலிங் பண்ற வேலைல 12 வருஷமா இருக்கேன். ரெண்டாவதுபிறந்தவன் தம்பி, இவங்க ரெண்டு பேரும் சண்டை போட்டுக்கட்டும், நீங்க இங்க வாங்க. நான் சில கேள்வி கேக்கறேன், யோசிக்காம பதில் போடுங்க.

காலைல கண்ணு முழிச்சு எத்தன நிமிஷத்துல முதல் சிகரெட்? புகைக்கக்கூடாதுன்னு தடை இருக்கற எடத்துல அடக்கிட்டு இருக்கறது கஷ்டமா? எந்த சிகரெட்ட விடறது ரொம்ப கஷ்டம், காலைல முதல்ல பிடிக்கறதா வேற ஏதாவதா? ஒரு நாளைக்கு எத்தனங்கறது சொல்லிட்டீங்க. எழுந்த முதல் சில மணி நேரத்துல மத்த நேரத்த விட அதிகமா பிடிப்பீங்களா? காய்ச்சல்ல படுத்த படுக்கையா இருந்தாலும் பிடிப்பீங்களா?

இது ஃபாகர்ஸ்ட்ரோம் டெஸ்ட். ஸ்வீடன்காரர், உளவியல் ஆளு, 1978ல முதல் வடிவம் போட்டாரு, 1991ல சுருக்கி ஆறு கேள்வி ஆக்கினாங்க. மொத்தம் 10 மார்க். உலகம் பூரா ஆராய்ச்சிலயும் கிளினிக்லயும் இதத்தான் அதிகமா கேக்கறாங்க. ஆறுல எனக்கு ஒண்ணே ஒண்ணு மட்டும் கேக்க அனுமதின்னா முதல் கேள்வியத்தான் கேப்பேன். ராத்திரி பூரா நிகோடின் இறங்கிப்போயிருக்கும், எழுந்ததும் உடம்பு எவ்வளவு அவசரமா அதத் தேடுதுங்கறது அந்த நிமிஷக் கணக்குல தெரிஞ்சுடும்.


ரெண்டாவதுபிறந்தவன்:

கயல் அக்கா, எழுந்து அஞ்சு நிமிஷம் கூட ஆகாது. பல்லு தேய்க்கறதுக்கு முன்னாடியே, பால்கனில ஒரு செருப்பு மட்டும் மாட்டிகிட்டு நின்னு பிடிப்பேன், இத எழுதவே வெக்கமா இருக்கு. தடை இருக்கற எடத்துல கஷ்டம்தான், ரெண்டு மணி நேர மீட்டிங்னா கடைசி அரை மணி நேரம் யாரு என்ன பேசினாங்கன்னு எனக்குத் தெரியாது. விட கஷ்டம் காலை சிகரெட்தான். காலைல அதிகம்னு இல்ல, நாள் பூரா ஒரே மாதிரி ஓடும். காய்ச்சல்ல... போன தடவ 102 டிகிரி இருந்தப்போ போர்வைய சுத்திகிட்டு பால்கனிக்குப் போனேன்.


கயல்விழி_கவுன்சலர்:

அஞ்சு நிமிஷத்துக்குள்ளன்னா 3, தடை எடத்துக்கு 1, காலை சிகரெட்டுக்கு 1, 16 சிகரெட்டுக்கு 1, காய்ச்சலுக்கு 1. மொத்தம் 7. அதிக அடிமைன்னு வரும். வெக்கப்பட ஒண்ணும் இல்ல தம்பி, பால்கனி செருப்பு கதைய நான் வாரம் ரெண்டு தடவ கேக்கறேன்.

ஒண்ணு கவனிச்சீங்களா, எண்ணிக்கைல உங்களுக்கு வந்தது ஒரே ஒரு மார்க்தான். 16 சிகரெட் பிடிக்கிற ரெண்டு பேர் ஒரே அளவு அடிமை இல்ல. இங்கதான் ஜீன் உள்ள வருது. நிகோடின கல்லீரல்ல உடைக்கற என்சைம் ஒண்ணு, பேரு சிஒய்பி2ஏ6. நிகோடின கோட்டினின்னு வேற பொருளா மாத்தும். சிலருக்குப் பொறப்புலயே அது மெதுவா வேல செய்யற வகை, அவங்க உடம்புல நிகோடின் ரொம்ப நேரம் தங்கும், அதனால கம்மியா பிடிச்சாலே போதும். வேகமா உடைக்கறவங்களுக்கு சீக்கிரமே தீந்துபோகும், அடுத்தத பத்த வெக்கணும். சராசரியா நிகோடின் ரெண்டு மணி நேரத்துல பாதியாயிடும், உங்க மீட்டிங்ல அந்தக் கடைசி அரை மணி நேரம் ஏன் காது அடைக்குதுன்னு இப்ப புரியுதா.

இன்னொண்ணு 15வது குரோமோசோம்ல இருக்கற நிகோடின் ரிசெப்டர் ஜீன், அதாவது மூளைல நிகோடின் வந்து ஒட்டற எடத்த உண்டாக்கற ஜீன், பேரு சிஹெச்ஆர்என்ஏ5. 2008ல மூணு குழு ஒரே சமயத்துல அதே எடத்த கண்டுபிடிச்சாங்க. எலிங்கள்ல அந்த ஜீன எடுத்துட்டுப் பாத்தப்போ, மத்த எலிங்க நிகோடின் அதிகமானா 'போதும்டா சாமி, குமட்டுது'ன்னு நிறுத்திக்குது, இந்த எலிங்க நிறுத்தாம நிகோடின் வர்ற லீவர அழுத்திகிட்டே இருக்கு. ஆசை ஜாஸ்தியானதால இல்ல, போதும்னு சொல்ற மணி அடிக்கறது குறைஞ்சுபோச்சு, அதனால. என்கிட்ட வர்றவங்களுக்கு இத சொன்னா முக்கால்வாசி பேர் 'ஆமா மேடம், எனக்கு அந்த மணியே கிடையாது'ம்பாங்க.

ஆனா டெஸ்ட் எடுக்கணுமான்னா, காச வீணாக்காதீங்க. 15வது குரோமோசோம்ல நான் சொன்ன அந்த ஜீன் பக்கம் சிலருக்கு ஒரு சின்ன மாற்றம் இருக்கும், அதோட ஒரு பிரதி இருந்தா ஒரு நாளைக்கு சராசரியா ஒரு சிகரெட் கூடும், அவ்வளவுதான். 2019ல 12 லட்சம் பேர் டேட்டாவ வெச்சு புகையிலை, மது ரெண்டுக்கும் சேத்து நானூறுக்கு மேல ஜீன் எடம் கண்டுபிடிச்சாங்க. ஒவ்வொண்ணும் தூசி அளவு. அத்தனையும் எச்சில்ல பாத்து உங்களுக்கு என்ன சொல்லப்போறாங்க? உங்க 7 மார்க் சொல்றத விட அதிகமா ஒண்ணும் சொல்லாது.

மருந்து விஷயத்துல மட்டும் கொஞ்சம் வெளிச்சம் இருக்கு. 2015ல ஒரு பெரிய சோதனை, 1,246 பேர், நிகோடின உடைக்கற வேகத்த ரத்தத்துல அளந்து பிரிச்சாங்க. சாதாரண வேகம் இருக்கறவங்களுக்கு தோல்ல ஒட்டற நிகோடின் பேட்ச்ச விட, சிகரெட் ஆசைய குறைக்கற வரெனிக்ளின் மாத்திரை நல்லா வேல செஞ்சுது, மெதுவா உடைக்கறவங்களுக்கு ரெண்டும் ஏறக்குறைய ஒண்ணுதான், மாத்திரைல பக்கவிளைவு தொல்லை அதிகம், அதனால பேட்ச்சே போதும். இந்த அளவீடு இன்னும் எல்லா எடத்துலயும் வழக்கத்துக்கு வரல. ஆனா நாலு தடவையும் நீங்க எப்படி விட்டீங்க? வெறும் மனஉறுதிலயா? 7 மார்க் ஆளு வெறுங்கையோட போய் 11 நாள் நின்னதே பெரிய விஷயம், ஒரு டாக்டர பாத்து மருந்தோட போங்க.


ஒம்பதாவதுதடவ:

என் பேர பாத்தாலே தெரிஞ்சிருக்கும், ஒம்பதாவது தடவைலதான் விட்டேன், ஆறு வருஷம் ஆச்சு. எங்கப்பா, பெரியப்பா, தாத்தா மூணு பேரும் செயின் ஸ்மோக்கர், அதனால 'நம்ம ரத்தத்துலயே இருக்கு'ன்னு சொல்லி சொல்லியே 20 வருஷம் ஓட்டிட்டேன். ஜீன் தெரிஞ்சா நல்லதா கெட்டதான்னு எனக்கு இன்னும் முடிவா தெரியல, சில பேருக்கு அது குற்ற உணர்ச்சிய குறைக்குது, எனக்கு அது நல்ல படுக்கை மாதிரி ஆயிடுச்சு, எழுந்திரிக்கவே தோணல. கடைசில எது வேல செஞ்சுதுன்னா பேட்ச், அதோட கூட அவசரத்துக்கு நிகோடின் கம், அப்புறம் முதல் ரெண்டு வாரம் சிடுசிடுன்னு இருப்பேன்னு வீட்டுல எல்லார்கிட்டயும் முன்கூட்டியே சொன்னது. முன்னாடி எட்டு தடவையும் யார்கிட்டயும் சொல்லாம விட்டேன், தோத்தா தெரியக்கூடாதுன்னு. யோசிச்சா கேவலமா இருக்கு.

ரெண்டாவது சார், உங்களுக்கு ஒரு வேலை. உங்கண்ணன்கிட்ட நிஜமாவே தொட்டதில்லையான்னு ஒரு தடவ கேளுங்களேன். எங்க வீட்டுல 'தொட்டதே இல்ல'ன்னு சொன்ன சித்தப்பாவ நான் மொட்டை மாடில பிடிச்சிருக்கேன், அதான்.


ரெண்டாவதுபிறந்தவன்:

ஒம்பதாவது, நீங்க வாய் வெச்சீங்க, நேத்து ராத்திரி கேட்டேன். மொதல்ல சிரிச்சான். அப்புறம் சொல்றான், 20 வயசுல நான் லீவுக்கு ஹாஸ்டல்லேருந்து வந்தப்போ என் சட்டைப் பையிலேருந்து ஒண்ணு உருவியிருக்கான்! பாத்ரூம்ல கதவ சாத்திகிட்டு ரெண்டு இழுப்பு இழுத்திருக்கான், தலை சுத்தி, வாந்தி எடுத்து, ஈரத் தரைலயே அரை மணி நேரம் உக்காந்திருக்கான். நான் வெளிய நின்னு கதவ தட்டினது எனக்கு ஞாபகம் இருக்கு, வயிறு சரியில்லன்னான். 21 வருஷம் மறைச்சிருக்கான் பாருங்க.

கேட்டதும் எனக்கு என்னமோ மாதிரி ஆயிடுச்சு. ஏன்னா என் முதல் சிகரெட்டும் அப்படியேதான். ஹாஸ்டல் மாடிப்படில, அதே தலை சுத்தல், அதே வாந்தி, கைப்பிடிய பிடிச்சுகிட்டு உக்காந்துட்டேன். உடம்பு ரெண்டும் ஒரே மாதிரிதான் பதில் சொல்லியிருக்கு. ஆனா எனக்கு ரூம்மேட் மறுநாளும் ஒண்ணு நீட்டினான், 'ரெண்டு நாள்ல பழகிடும்'னு சொல்லி. அண்ணன் வீட்டுலேருந்தே காலேஜ் போனான், அவன்கிட்ட நீட்ட யாரும் இல்ல.


வாதாடி:

நான் சொன்னேன்ல, சூழல்னு. கேஸ் முடிஞ்சுது, நான் கிளம்பறேன்.


சராசரிமனிதன்:

இருங்க இருங்க, அதுக்குள்ள செருப்ப மாட்டாதீங்க. ரூம்மேட் நீட்டினது முதல் கதவு, அது சூழல்னு நானும்தான் ஒத்துக்கறேன், ட்வின் மாடல்லயே 'ரெண்டு பேருக்கும் பொதுவா இல்லாத சூழல்'னு அதுக்குத் தனிப் பங்கு உண்டு. ஆனா அதே ஹாஸ்டல்ல அதே ரூம்மேட் எத்தன பேருக்கு நீட்டியிருப்பான், அதுல எத்தன பேர் இப்பவும் பால்கனில நிக்கறாங்க, எத்தன பேர் படிப்பு முடிஞ்சதும் சத்தமில்லாம விட்டுட்டுப் போனாங்க? அந்த வித்தியாசத்தத்தான் காப்ரியோ மாதிரி ஆளுங்க இத்தன வருஷமா தோண்டிட்டு இருக்காங்க. வாந்தி எடுத்த ரெண்டு பேர வெச்சு நீங்களும் ஜெயிக்க முடியாது நானும் ஜெயிக்க முடியாது, சாம்பிள் ரெண்டு.

தகவலுக்கு, அண்ணன் பட்டியல் மாறமாட்டாரு. அந்த பின்லாந்து கேள்வித்தாள்ல வாழ்நாள்ல 5, 10 பாக்கெட் தாண்டினீங்களான்னுதான் கேட்டாங்க, ரெண்டு இழுப்பெல்லாம் 'புகைக்காதவர்' கட்டத்துலயே போயிடும்.


கயல்விழி_கவுன்சலர்:

தம்பி, டாக்டர் அப்பாயின்ட்மென்ட் என்ன ஆச்சு? கதை கேட்டு கதை கேட்டு அத மறந்துடாதீங்க.


ரெண்டாவதுபிறந்தவன்:

வியாழக்கிழமை காலைல வாங்கியிருக்கேன் அக்கா. விடப்போற தேதிய வீட்டுல சொல்லிட்டேன், ஒம்பதாவது சொன்ன மாதிரி சிடுசிடுப்பு பத்தியும் சொல்லிட்டேன், 'இப்ப மட்டும் என்னவாம்'னு பதில் வந்துச்சு. அண்ணன் நானும் கூட வர்றேங்கறான், சட்டைப் பைல கை வெச்ச பாவத்துக்குன்னு. ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல உக்காந்திருந்தா டாக்டர் யாருக்கு பேட்ச் ஒட்டப்போறாரோ தெரியல.